அரண்மனை வைத்தியசாலையில் ஓர் அரச வருகை

வரலாறு என்றவுடன் அரசரையும் போரையும் நினைத்தல் பழைய வழக்கம். அரசர் சென்ற இடமும், அவர் கண்ட காட்சியும், சொன்ன சொல்லும் ஏடுகளில் இடம்பெற்றன. அவர் சென்றபோது அங்கே கட்டிலிற் கிடந்தவன் யாவன், அவன் யாது எண்ணினான், யாது கேட்டான் என்பன பெரும்பாலும் எழுதப்படாதொழிந்தன. அவ்வாறு விடுபட்ட பகுதியையும் எஞ்சியுள்ள சான்றுகளைக் கொண்டு ஓரளவு மீட்டெடுத்தல் கூடும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரை நகராகிய பிறைற்றனில், இந்தியப் போர்வீரர்க்கென அமைந்த இராணுவ வைத்தியசாலைக்கு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வருகை தந்த நிகழ்ச்சியாகும். அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்க்காலத்துக் காயமுற்றோரின் கதை எமது கரையோரத்தார்க்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் மட்டக்களப்புக் கடலில் அமிழ்த்தின. ஹேர்மிஸ் கப்பலில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். உயிர்தப்பி நீரில் மிதந்தோருள் ஏறத்தாழ 600 பேரை ‘வீற்றா’ என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. கதிரவெளியில் நின்று அக்கடலை நோக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு, அந்நிகழ்ச்சிக்கு இருபத்தேழு ஆண்டுகட்கு முன்னர் வேறொரு கடற்கரையிற் கிடந்த காயமுற்றோரைப் பற்றியும் அறியும் விருப்பம் எழுதல் இயல்பே.

வீரர் கடல் கடந்த வரலாறு

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி பிரித்தானியா யேர்மனிமீது போர் தொடுத்தது. பிரித்தானியாவின் நிலையான படை சிறியது. புதிய படைகளைத் திரட்டிப் பயிற்றுதற்குக் காலம் வேண்டியிருந்தது. அவ்விடைவெளியை நிரப்ப உடனடியாகக் கிடைத்தது இந்தியப் படையே. லாகூர்ப் பிரிவும் மீரத்துப் பிரிவுமாகிய இரு காலாட்படைப் பிரிவுகள் அவ்வாண்டு செப்ரெம்பர் இறுதி முதல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கின. போர் முடியுமளவும் பிரான்சிலும் பெல்சியத்திலும் பணியாற்றிய இந்தியர் ஏறத்தாழ 138,000 பேர் என்பர். பஞ்சாபியரும் பதானியரும் கூர்க்கரும் கடுவாலியருமாகிய அவர்கள், தாம் முன்னர் கண்டறியாத குளிரிலும் சேற்றிலும், அகழிகளுள் நின்று போர் செய்தனர். சில கிழமைகளுள்ளேயே காயமுற்றோர் தொகை பெருகிற்று. அவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவருதல் இன்றியமையாததாயிற்று.

இதனோடு தொடர்புடைய செய்தியொன்று நம் மாணவர் அறியத்தக்கது. தென்னாபிரிக்காவிலிருந்து தாயகந் திரும்பும் வழியில், போர் தொடங்கி இரண்டு நாட்களின் பின் காந்தியடிகள் இலண்டனை அடைந்தார். அங்கிருந்த இந்திய மாணவரையும் பிறரையும் திரட்டி, காயமுற்றோர்க்குத் தொண்டு செய்யும் படையொன்றை அமைத்தார். அத்தொண்டர் நெற்லி என்னுமிடத்து இராணுவ வைத்தியசாலையிற் பணி செய்தனர். தொண்டரை வழிநடத்தும் உரிமைபற்றி அதிகாரியோடு பிணக்குற்றபோது, அவ்விடத்திலும் அடிகள் தம் அறவழிப் போராட்டத்தையே கைக்கொண்டார். பின்னர் நோயுற்று, அவ்வாண்டு டிசெம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பேரரசுக்குத் தொண்டு செய்தலும் அதனோடு நீதி கேட்டு நிற்றலும் ஒருவரிடத்தே ஒருங்கே அமையக்கூடும் என்பதற்கு இது சான்று. இக்கருத்தைப் பின்னரும் நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

மாளிகையின் இயல்பு

காயமுற்ற இந்தியரின் நலன்களைக் கண்காணிக்கும் ஆணையாளராகச் சேர் வால்ரர் லோறன்ஸ் என்பவரைப் போரமைச்சர் கிச்சினர் பிரபு நியமித்தார். லோறன்ஸ், கேர்சன் பிரபுவின் தனிச்செயலாளராக இந்தியாவிற் பணியாற்றியவர். பிறைற்றன் நகரசபை தனக்குரிய ‘றோயல் பவிலியன்’ என்னும் மாளிகையையும், அதனை அடுத்த ‘டோம்’ என்னும் மண்டபத்தையும், பிற கட்டிடங்களையும் இவ்வைத்தியப் பணிக்கு ஒப்படைத்தது. 1914 டிசெம்பரில் நோயாளர் வரத்தொடங்கினர். யோர்க் பிளேஸ் பாடசாலைக் கட்டிடங்களிலும், முன்னர் வறியோர் விடுதியாயிருந்து கிச்சினர் பெயர் பெற்ற வைத்தியசாலையிலும் மற்றையோர் வைக்கப்பட்டனர். இம்மூன்று இடங்களிலுமாக ஏறத்தாழ 12,000 இந்தியர் சிகிச்சை பெற்றனர் என்பது கணக்கு.

பவிலியன் மாளிகை பின்னர் நான்காம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரால் கட்டுவிக்கப்பட்டது. யோன் நாஷ் என்னும் கட்டிடக்கலைஞர் 1815ஆம் ஆண்டு முதல் அதற்கு இந்திய மரபையொத்த குவிமாடங்களையும் கோபுரங்களையும் அமைத்தார். இந்தியாவைக் கண்டிராத ஓர் இளவரசரின் கேளிக்கைக்காக இந்திய வடிவிற் கட்டப்பட்ட மாளிகை, ஒரு நூற்றாண்டின் பின்னர் மெய்யாகவே இந்தியர் படுத்துறங்கும் இடமாயிற்று. விருந்து மண்டபமும் இசை மண்டபமும் நோயாளர் கூடங்களாயின. பெரிய சமையற்கூடம் சத்திரசிகிச்சைக் கூடமாயிற்று.

வைத்தியசாலையின் ஒழுங்குகள் வியக்கத்தக்கவை. இந்து, முஸ்லிம், சீக்கியர் என்போரின் உணவு வழக்கங்களையும் சாதி வழக்கங்களையும் கருதி ஒன்பது தனிச் சமையலறைகள் அமைக்கப்பட்டன. கூடந்தோறும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு நீர்க்குழாய்கள் இருந்தன. அறிவித்தல்கள் உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் எழுதப்பட்டன. சீக்கியர் வழிபாட்டுக்குக் கூடாரமும், முஸ்லிம்கள் தொழுகைக்குப் புற்றரையும் ஒதுக்கப்பட்டன. 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சி சமய வழக்கங்களைப் புறக்கணித்ததனால் மூண்டது என்னும் எண்ணம் ஆட்சியாளர் உள்ளத்தில் அறுபது ஆண்டுகளின் பின்னரும் மறையவில்லை. இவ்வொழுங்குகளில் பரிவும் இருந்தது, அச்சமும் இருந்தது.

மன்னரின் வருகை

1915ஆம் ஆண்டு ஜனவரியில் மன்னரும் மேரி அரசியாரும் பிறைற்றனுக்கு வந்து, இந்திய நோயாளரின் கட்டில்களிடையே நடந்து அவர்களோடு உரையாடினர். அவ்வாண்டு ஓகஸ்டில் மன்னர் மீண்டும் வந்து, மாளிகைப் புற்றரையில் வீரர் சிலருக்குப் பதக்கம் சூட்டினார். ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன, அஞ்சலட்டைகள் அச்சிடப்பட்டன. நகரசபை மாளிகையின் சிறு வரலாறொன்றை ஆங்கிலம், உருது, குர்முகி ஆகிய மொழிகளில் நூலாக வெளியிட்டது. மன்னர் தம் இந்திய வீரர்க்காகத் தமது அரண்மனையையே விட்டுக்கொடுத்தார் என்னும் செய்தி எங்கும் பரந்தது. வீரர் பலர் இதனை நம்பித் தம் ஊருக்கும் எழுதினர்.

ஈண்டு வரலாற்று மாணவன் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். பவிலியன் அப்போது மன்னருடைய உடைமையன்று. அவருடைய பாட்டியாராகிய விக்ரோறியா மகாராணியார் அம்மாளிகையை விரும்பாது, 1850ஆம் ஆண்டிலேயே அதனைப் பிறைற்றன் நகருக்கு 53,000 பவுணுக்கு விற்றுவிட்டார். அறுபத்தைந்து ஆண்டுகட்கு முன் விலைகொடுத்து வாங்கிய நகரமக்களின் கொடை, மன்னரின் கொடையாக மாறிற்று. மன்னர் நேரில் வந்து மாளிகையினுள் நடந்தமையும், அது படமாகப் பரவியமையும் அந்நம்பிக்கைக்கு உறுதியளித்தன.

இக்கதை ஏன் வேண்டப்பட்டது? காலத்தை நோக்கின் காரணம் புலனாகும். 1914 நவெம்பரில் துருக்கியச் சுல்தான் இசுலாமியரின் கலீபா என்னும் முறையில் நேச நாடுகளுக்கு எதிராகப் புனிதப்போர் அறிவித்தார். இந்தியப் படையில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். 1915 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூரில் இந்தியக் காலாட்படையொன்று கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் இலங்கையிற் கலவரம் மூண்டது. ஆட்சியாளர் இராணுவச் சட்டத்தின்கீழ் கடுந்தண்டனை விதித்தனர். அதனைக் கண்டித்து வழக்குரைக்கப் பொன். இராமநாதன் அவர்கள் இலண்டனுக்குக் கப்பலேறினார். பேரரசு அசையுமோ என்னும் ஐயம் நிலவிய ஆண்டு அது. அத்தகைய காலத்தில், மன்னர் தம் வீட்டை வீரர்க்கு ஈந்தார் என்னும் கதை பல துப்பாக்கிகளுக்கு நிகரான பயனளித்தது எனலாம்.

கட்டிலிற் கிடந்தோர் கூறியவை

வீரர் எழுதிய கடிதங்களைத் தணிக்கை செய்தற்கு அலுவலகமொன்று இயங்கிற்று. அங்கு மொழிபெயர்க்கப்பட்ட பகுதிகள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன. வீரரைக் கண்காணிப்பதற்கென எழுந்த ஏடுகளே அவர்தம் குரலை இன்று எமக்கு வழங்குகின்றன. மாளிகையின் அழகையும், வைத்தியரின் அன்பையும், உணவின் சிறப்பையும் புகழும் கடிதங்கள் பல. அவற்றைப் பொய்யெனத் தள்ளுதல் தகாது. அகழியின் சேற்றிலிருந்து வெண்ணிற விரிப்பிற் கிடத்தப்பட்டவனுக்கு அது மெய்யாகவே இன்பம் அளித்திருக்கும். எனினும் வேறு கடிதங்களும் உள. தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்புமாறு, இந்திய வீரரைக் கருமிளகென்றும் வெள்ளை வீரரைச் செம்மிளகென்றும் மறைபொருளாகக் குறித்து, கருமிளகு தீர்ந்துவருகின்றது என எழுதினர். ஊரிலுள்ளார் படையிற் சேராதிருக்கும்படி எச்சரிக்கும் வழி அது.

வைத்தியசாலைக்கு வெளியே செல்லும் உரிமையும் வரையறுக்கப்பட்டிருந்தது. கிச்சினர் வைத்தியசாலையில் முட்கம்பி வேலியும் காவலும் இருந்தன. அதன் தலைவராகிய கேணல் புரூஸ் சீற்றன் கடுமையான ஒழுங்கை நிலைநாட்டியவர். ஆயினும் அவரே நீதியான ஆய்வொன்றையும் செய்தார். போர்முனையை விட்டு நீங்கும்பொருட்டு இந்தியர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கின்றனர் என்னும் பழி அந்நாளில் எழுந்திருந்தது. ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அவர், அப்பழிக்கு ஆதாரமில்லை என முடிவுகூறினார். சான்றுகளை எண்ணி ஆராய்ந்து வதந்தியை மறுத்த இம்முறை வரலாற்று மாணவர்க்கும் வழிகாட்டியாகும்.

மீர் தஸ்தின் வேண்டுகோள்

ஓகஸ்டு விழாவின் நாயகன் மீர் தஸ்து என்னும் அப்ரீதி வீரன். 1915 ஏப்பிரில் 26ஆந் திகதி ஈப்பர் நகர்ப் போர்க்களத்தில், பிரித்தானிய அதிகாரிகள் வீழ்ந்துபட்ட பின்னர், சிதறிய வீரரை ஒன்றுதிரட்டித் தன்னிடத்தைக் காத்தான். பின்னர், குண்டுமாரியினிடையே பிரித்தானியரும் இந்தியருமாகிய எட்டு அதிகாரிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்ல உதவினான். அதன்பொருட்டு மன்னர் தம் கையால் அவனுக்கு விக்ரோறியா சிலுவை சூட்டினார். பேரரசு வழங்கிய பதக்கங்களுள் தலையாயது அது. படங்களில் நாம் காண்பது இம்மட்டே.

படத்தில் இல்லாதது யாது? அந்நாளில் எழுதப்பட்ட கடிதமொன்றின்படி, பதக்கம் பெற்ற அவன் மன்னரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தான்: ஒருமுறை காயமுற்றுத் தேறியவனை மீண்டும் அகழிக்கு அனுப்புதல் நன்றன்று என்பதே அது. குணமடைந்த வீரரைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பும் வழக்கமே வைத்தியசாலையில் இருந்தோரின் பெருங்குறையாயிருந்தது. அவ்வளவு பேரும் மன்னரை அணுகிப் பேசுதல் இயலாது. பேசும் வாய்ப்புப் பெற்ற ஒருவன், தனக்கென எதனையும் கேளாது, தன் தோழர் அனைவர்க்குமாகப் பேசினான். காந்தியடிகளிடத்து நாம் கண்டதைப் போலவே, தொண்டும் நீதிகேட்டலும் இவனிடத்தும் இணைந்து நிற்றலைக் காண்கிறோம். போர்க்களத்தில் அவன் காட்டிய துணிவினும் இத்துணிவு குறைந்ததன்று என்பது எமது துணிபு.

அவனுடைய நிலையையும் எண்ணுதல் வேண்டும். நச்சுவாயு அவன் உடலை வருத்தியது. பதக்கம் சிறந்ததே, ஆயினும் வாயு தனக்கு அமைதி தரவில்லை என்னும் பொருள்பட அவனே எழுதினான். அவனுடைய தம்பி மீர் மஸ்து 1915 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் தோழர் சிலரோடு யேர்மனியர் பக்கஞ் சென்றவன். தமையனுக்கு மன்னர் பதக்கம் அளித்ததுபோலத் தம்பிக்கு யேர்மன் பேரரசர் இரும்புச் சிலுவை அளித்தார் என்று கதையொன்று வழங்குகின்றது. அதனை நிறுவும் சான்று கிடைத்திலது. எனினும் ஒரே தாய் வயிற்று மக்கள் இருவர் அப்பெரும்போரில் இருவேறு வழி சென்றமை உண்மை. இராச விசுவாசம் என்னும் ஒரு சொல்லால் அவ்வீரர் அனைவரையும் அளந்துவிடல் இயலாது.

1915ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் பிரான்சிலிருந்து மெசப்பொத்தேமியாவுக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பவிலியனை விட்டு இந்திய நோயாளர் நீங்கினர். பின்னர் 1920ஆம் ஆண்டு வரை கைகால் இழந்த பிரித்தானிய வீரர்க்கு அது வைத்தியசாலையாயிற்று. மீர் தஸ்து 1945ஆம் ஆண்டில் மறைந்தான்.

இறந்தோரும் பெயர்களும்

பிறைற்றன் வைத்தியசாலைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேர், நகர்க்கு வடக்கேயுள்ள குன்றுச்சாரலிற் பச்சம் என்னும் ஊருக்கு அண்மையில் தத்தம் முறைப்படி தகனஞ் செய்யப்பட்டனர். சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டது. முஸ்லிம்கள் வோக்கிங் பள்ளிவாசலுக்கு அண்மையிலுள்ள இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டனர். தகனஞ் செய்த இடத்தில் எழுப்பப்பட்ட ‘சத்ரி’ என்னும் சலவைக்கல் மண்டபத்தை 1921 பெப்ரவரி 1ஆந் திகதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

சாதி வழக்கங்களைப் பேணிய அவ்வொழுங்குகளின் மறுபுறத்தையும் கூறாதுவிடல் நேர்மையன்று. புறொக்கன்ஹேர்ஸ்ற் என்னும் ஊரின் இந்திய வைத்தியசாலையில் சுக்கா என்னும் துப்புரவுத் தொழிலாளி பணிபுரிந்தான். மன்னர் பிறைற்றனுக்கு வந்த அதே 1915 ஜனவரியில் அவன் நோயுற்று மாண்டான். அவனைத் தகனஞ் செய்ய இந்துக்களும், அடக்கஞ் செய்ய முஸ்லிம்களும் ஒருப்படவில்லை எனக் கூறப்படுகின்றது. ஈற்றில் அவ்வூர்த் தேவாலய வளவில் அவன் புதைக்கப்பட்டான். ஊரவர் தம் செலவில் அவனுக்குக் கல்லும் நாட்டினர். ஒன்பது சமையலறைகள் அமைத்த காலத்தில் ஒரு தொழிலாளியின் உடலுக்கு ஆறடி நிலம் அயலாரே ஈயவேண்டியிருந்தது. இந்துக் கல்லூரியொன்றின் மலரை வாசிப்போர் நாணத்தோடு நினைக்கத்தக்க செய்தி இது.

சத்ரி மண்டபம் எழுந்தபோது அதில் இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டிலேயே அதனருகே வேறொரு கல் நாட்டப்பெற்று, அங்கே தகனஞ் செய்யப்பட்ட 53 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. திறந்துவைத்த இளவரசரின் பெயர் முதல்நாளே வரலாற்றிற் பதிந்தது. எரியூட்டப்பட்டோரின் பெயர்கள் கல்லிற் பதிய மேலும் 89 ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

மன்னரின் வருகை வெறும் நடிப்பென்று ஒதுக்குதலும், அதுவே முழு வரலாறென ஏற்றலும் ஒருங்கே பிழையாம். வைத்தியம் மெய், பரிவும் மெய். அப்பரிவைக் கொண்டு போருக்கு ஆள்தேடியமையும், அரண்மனை பற்றிய கதையைப் பரப்பியமையும் அவ்வாறே மெய்யாம். ஒளிப்படமொன்றை நோக்கும் மாணவன், இதனை எடுப்பித்தோர் யாவர், யாருக்குக் காட்டுதற்கு எடுப்பித்தனர், கட்டிலிற் கிடப்பவன் பெயர் யாது, அவன் சொன்னது எங்கே எழுதப்பட்டுள்ளது என வினாவப் பழகுதல் வேண்டும்.

இவ்வினாக்கள் தொலைநாட்டுக்கு மாத்திரம் உரியனவல்ல. 2006ஆம் ஆண்டு நவெம்பர் 8ஆந் திகதி, எமது கதிரவெளியில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் தெற்கேயுள்ள வாகரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாட்களைக் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். தலைவர்களின் அறிக்கைகளும் வருகைகளும் எப்படியும் ஏடேறும். அவற்றுக்கு எழுதுவோர் உளர். தாய்மாரும் தாதியரும் சாரதிகளும் கண்டவற்றை எழுதுவார் யார்? மாணவர் தத்தம் ஊரில் முதியோரை அணுகி, பெயரையும் நாளையும் இடத்தையும் பிழையின்றிக் குறித்துவைப்பாராயின், அதனினும் சிறந்த வரலாற்றுப் பயிற்சி பிறிதில்லை. பிறைற்றனில் 53 பெயர்கள் கல்லேற 89 ஆண்டுகள் கடந்தன. நம்மவரின் பெயர்களும் அத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டா.